பாபேஜுக்கு ஒரு வியாழக்கிழமை

இந்த வாரம் மனைவி நீலா தன் பேச்சை ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து கேட்டே தீர வேண்டும் என்று கிருஷ்ணஸ்வாமி சபதம் செய்தார்.

பிம்ப்ரி ஆலையில் முப்பது வருஷம் கணினிப் பிரிவில் மென்பொருள் எழுதியவர். ஓய்வு பெற்று, கோந்த்வா ஃபிளாட்டோடு இருக்க ஆரம்பித்தபின் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. நீலாவுக்கு மராத்தி தண்ணீர் பட்ட பாடு. கட்டடம் முழுக்கத் தோழிகள். அவருக்கோ நெருக்கமானவர்கள் கணினிக்கு அடித்தளம் போட்ட பாபேஜ், அடா லவ்லேஸ், டியூரிங். ஒருவரும் உயிரோடில்லை.

வியாழன்தோறும் நாலு மணிக்கு நீலாவின் கோஷ்டி கீழே கிளப் ஹவுஸ் ஹாலில் கூடும். யாரும் பதிவு செய்வதில்லை, பழக்கம்தான். கிருஷ்ணஸ்வாமி குடியிருப்போர் சொசைட்டியின் ஆப்பில் அந்த நேரத்துக்கு ஹாலைச் சத்தமில்லாமல் பிடித்துவிட்டார். 'கணினி முன்னோடிகள்: ஓர் உரை.' வழக்கம்போல் வந்து உட்காரும் பெண்கள் பாதியில் எழுந்து போய்விட முடியுமா? நீலாதான் போய்விட முடியுமா?

புதன்கிழமை காபியோடு வந்தாள் நீலா.

"நாளைக்கு ஹால்ல யாரோ பேசறாளாமே?"

"அப்படியா? யாராம்?"

"ஆப்ல பி-604னு போட்டிருக்கு."

அவர்கள் வீட்டு எண். பதிவு செய்தால் எண் தெரியும் என்பது மென்பொருள் எழுதியவருக்குத் தோன்றவில்லை.

"நீயும் வாயேன் நீலு. பாபேஜ்னு ஒருத்தர். ஆயுசு பூரா ஒரு மெஷினைக் கட்டப் பார்த்தார். முடியவே இல்லை."

"ஆத்துக்காரி ஒண்ணும் சொல்லலையா?"

"அவ சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டா."

"தப்பிச்சா."

"அடான்னு ஒருத்தி, அந்த இல்லாத மெஷினுக்கு ப்ரோக்ராமே எழுதினா!"

"சமத்து. நீங்க பேஷா பேசுங்கோ."

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு மூன்றே முக்காலுக்கே போய், ஐம்பது நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். நாலு ஆயிற்று. நாலேகால். நாலரை. திரையில் போட்டிருந்த படத்திலிருந்து பாபேஜ் அவரை முறைத்துக்கொண்டிருந்தார். அடா இல்லாத இயந்திரத்துக்கு எழுதினாள், இவர் இல்லாத கூட்டத்தைப் பார்த்து, "நண்பர்களே..." என்று ஆரம்பித்தார். அந்த ஒரு சொல் எதிர்ச்சுவர்வரை போய்த் தனியாகத் திரும்பி வந்தது.

போன் அடித்தது. எடுத்தால் நீலா, பின்னணியில் ஒரே சிரிப்பு.

"எங்கே இருக்கே, நீலு?"

"ஆத்துலதான். ஹால்தான் இல்லையே, எல்லாரையும் இங்கேயே கூப்பிட்டுட்டேன். இட்லின்னதும் ஏ விங்லேருந்துகூட வந்துட்டா. அங்கே காலி நாற்காலி இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை?"

கிருஷ்ணஸ்வாமி வரிசைகளை ஒருமுறை பார்த்தார்.

"அம்பது."

"முப்பது போறும், மேலே அனுப்புங்கோ. அப்படியே நீங்களும் வாங்கோ. பேச வேண்டாம், பரிமாற ஆளில்லை."