இரண்டாவது மணியில் எடுத்த வங்கி

மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்துகொண்ட டிலிஸ், இனி மேலேயும் ஏறுவதாக இல்லை, கீழேயும் இறங்குவதாக இல்லை என்று அறிவித்துவிட்டாள். அவளுடைய வலது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது. எம்ரிஸ் தேநீரை அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரண்டு படி கீழே தானும் உட்கார்ந்தார்.

பிரெக்கான் ஊரிலேயே ஆற்றுக்கு அக்கரையில் படியே இல்லாத ஒரு சின்ன வீடு பார்த்தாகிவிட்டது. இந்தப் பெரிய வீட்டை வாங்கிக்கொள்ள மூன்று குழந்தைகளோடு ஒரு பல் மருத்துவத் தம்பதி தயாராக இருந்தார்கள். இடையில் நின்றது வீட்டுக் கடன் மட்டும்தான்.

வட்டி தரையோடு தரையாகக் கிடந்த காலத்தில் வாங்கிய கடன் அது. அதை அடைத்துவிட்டுப் புதிதாக வாங்கினால் வட்டி இரண்டு மடங்குக்கு மேல் போகும். பழைய கடனையே பழைய வட்டியோடு புது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று வங்கி கடிதம் போட்டிருந்தது. முதல் வரி மட்டும்தான் அப்படி. புது ஆளைச் சோதிப்பதுபோல் உங்களை மறுபடி சோதிப்போம், புது வீட்டையும் சோதிப்போம், விற்பதும் வாங்குவதும் ஒரே நாளில் நடக்கவேண்டும் என்று மிச்சப் பக்கம் முழுக்க 'ஆனால்'தான்.

"இதையெல்லாம் இந்தத் தடவை நானே பாத்துக்கறேன்" என்றார் எம்ரிஸ்.

"நீயா?"

டிலிஸ் கேட்டதில் தப்பில்லை. எம்ரிஸ் பனிக்காலத்தில் சாலைகளுக்கு உப்புத் தூவும் நகராட்சி லாரியின் ஓட்டுநர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கையெழுத்துப் போட்ட இடமெல்லாம், டிலிஸ் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடம்தான்.

"பாத்து, கண்ணு. வீட்டை வித்துட்டு, கடனை மட்டும் மடியில வெச்சுக்கிட்டு நடுத்தெருவுல உக்காரப் போறோம்."

மறுநாள் மதியம் லாரியை ஓரங்கட்டினார். வங்கிக்குப் போன் போட்டால் தலை நரைக்கும்வரை பாட்டுக் கேட்கவேண்டும் என்று கூட வேலை செய்பவர்கள் பயமுறுத்தியிருந்ததால் ரொட்டியும் ஃபிளாஸ்க்கும் துணைக்கு வைத்துக்கொண்டார். கடிதத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த எண்ணை, கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிப் படித்து அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அந்த அதிர்ச்சியில், எதிர்முனை வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நான் எம்ரிஸ் புரோதரோ பேசறேங்க. எனக்கு எடுத்துட்டுப் போகணும்."

"சரிங்க. பெரிசா, சின்னதா?" நடுவயதுப் பெண் குரல்.

"சின்னதுதான். இப்ப இருக்கறது எங்களுக்கு ரொம்பப் பெரிசு."

"எத்தனை பேருக்கு?"

"ரெண்டே பேர். நானும் மனைவியும்."

"எப்ப வேணும்?"

அந்தக் கேள்விதான் அவரை உடைத்தது. இத்தனை நாளில் எப்போது வேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. இப்போதே வேண்டும் என்றார். முழங்காலைச் சொன்னார், பாதிப் படியைச் சொன்னார், பழைய வட்டி கைவிட்டுப் போனால் அந்தச் சின்ன வீடும் போய்விடும் என்றார். முதல் தடவையாக ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டு அதையும் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எதிர்முனையில் கூரைமேல் மழை பெய்வதுபோல் ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. அங்கே எத்தனை இயந்திரம் ஓடுகிறதோ.

பிறகு அந்தப் பெண், தன் பெயர் மிஸஸ் பெய்னன் என்றும், முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றும் ஆரம்பித்தார். எம்ரிஸ் விடவில்லை. காது கொடுத்துக் கேட்டதே போதும், நீங்கள் என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறேன் என்றார்.

மறுபடியும் மழை இரைச்சல்.

"சரி, அழாதீங்க" என்றார் மிஸஸ் பெய்னன். "மனசுல இருக்கறதை ஒளிக்காம எழுதிக் குடுங்க. உண்மையைச் சொன்னா யாரு என்ன பண்ணிட முடியும்?"

எம்ரிஸ் எழுதினார். முழங்கால் மட்டுமே ஒரு பக்கத்துக்கு வந்தது. வங்கி படித்துவிட்டு, இப்படிப்பட்ட முழங்காலோடு உங்கள் மனைவி செடிக் கடையில் எப்படி வேலை பார்ப்பார், அவர் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று கேட்டது.

அவர் மறுபடி கூப்பிட்டார். இரண்டாவது மணியில், "சொல்லுங்க எம்ரிஸ்" என்றது குரல். உங்கள் ஆட்கள் இப்படிச் செய்துவிட்டார்களே என்று அவர் முறையிட்டார். மிஸஸ் பெய்னன், "எங்க ஆளுங்களா…" என்று இழுத்துவிட்டு, செடிக் கடை முதலாளியிடம் நல்லதாக நாலு வார்த்தை எழுதி வாங்கிவிடுங்கள் என்றார்.

முதலாளி தங்கமான மனிதர். நாலு வார்த்தை கேட்டதற்கு நாற்பது எழுதினார். டிலிஸ் எங்கள் கடையின் பொக்கிஷம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் அவர் வீட்டிலேயே ஓய்வெடுக்கலாம், நாங்கள் காத்திருப்போம் என்று முடித்திருந்தார். டிலிஸுக்கு வேலை போய்விட்டது என்று வங்கி முடிவு கட்டியது.

டிலிஸுக்கு இது எதுவும் உறுத்தவில்லை. அவளுடைய சந்தேகம் வேறு.

"எந்த வங்கிக்காரன் ரெண்டாவது மணியில எடுக்கறான்? எனக்குத் தெரிஞ்சு நம்ம சொந்தப் பையனே எடுக்கமாட்டான்."

"உனக்கு மனுஷங்களை நம்பத் தெரியல" என்றார் எம்ரிஸ் பெருமையாக. தன் வங்கியைப் பற்றி நகராட்சிக் கொட்டகை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் அங்கே கூட்டம் அதிகம், அன்றைக்குக் கூப்பிடாதீர்கள் என்றுகூட மற்றவர்களுக்கு யோசனை சொன்னார்.

அடுத்தது புது வீடு. சோதிக்க வந்தவர் படுக்கையறைச் சுவரில் ஈரக் கறை இருக்கிறது, காய்ந்த பிறகு வருகிறேன் என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டு நாள் அந்த அறைக் கணப்பு அடுப்பில் நெருப்புப் போட்டால் எந்தச் சுவரும் காய்ந்துவிடும் என்றார் மிஸஸ் பெய்னன். எம்ரிஸ் வீட்டுக்காரரிடம் சாவி வாங்கிப்போய், நன்றாகக் காய்ந்த விறகாகப் பார்த்து அடுக்கிப் பற்றவைத்தார்.

புகைபோக்கிக்குள் காக்கைக் கூடு இருந்தது யாருக்கும் தெரியாது. புகை மேலே போக வழியில்லாமல் ஜன்னல் வழியாக வந்தது. பிறகு கூடு முழுசாக, பல வருஷக் கரியோடு, படுக்கையறைக்குள் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார். வண்டி வந்து போன செய்தி ஊருக்குள் பரவி, சாயங்காலத்துக்குள் 'புரோதரோ வீடு எரிந்துவிட்டது' என்று பல் மருத்துவர்களின் காதுக்குப் போயிற்று. எரிந்துபோன வீட்டைத் தாங்கள் வாங்குவதாக இல்லை என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

எம்ரிஸ் கரி அப்பிய முகத்தோடு வந்து படியில் உட்கார்ந்தார். டிலிஸ் முந்தானைபோல் தோளில் கிடந்த சால்வை நுனியால் அந்த முகத்தைத் துடைத்தாள். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கும் முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "வீடு கிடைக்கலேன்னாலும் பரவாயில்ல. நீ எனக்காக இவ்வளவு பண்ணினியே, அது போதும்" என்றாள்.

அவருக்குப் போதவில்லை. கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டார்.

மிஸஸ் பெய்னன் எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார்.

"நான் சொல்லிச் சொல்லித்தான் உங்களுக்கு இவ்வளவும் கெட்டுப்போச்சு. இனிமே போன் வேண்டாம், எம்ரிஸ். டிலிஸைக் கூட்டிக்கிட்டு நேரா வங்கியில போயி உக்காருங்க. காகிதத்தைப் பாத்துப் பேசறவங்க மொகத்தைப் பாத்தா வேற மாதிரி பேசுவாங்க."

"நீங்க அங்க இருப்பீங்களா?"

"இருக்கறதா நெனச்சுக்குங்க. வீடு கைமாறவேண்டிய அந்த வெள்ளிக்கிழமை என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க."

போனார்கள். காப்ளி என்ற இளம் அதிகாரி, வாசலிலிருந்து டிலிஸ் தடியூன்றி வருவதைப் பார்த்ததும், பாதி வழியிலேயே நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். எம்ரிஸின் கடிதங்களை அவர் படித்தார். காக்கைக் கூடு வந்த இடத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு செடிக் கடை முதலாளியை அங்கிருந்தே கூப்பிட்டு, டிலிஸுக்கு வேலை இருக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். இருக்கிறது என்று பதில் வந்தது.

அதன்பின் எல்லாம் தானாக நடந்தது. ஈரத்துக்குக் காரணம் கூரைத் தண்ணீர்க் குழாயின் விரிசல் என்று தெரிந்தது. எம்ரிஸின் லாரிக்கார நண்பர்கள் குழாயை மாற்றி, கரிச் சுவருக்கு வெள்ளையும் அடித்துக் கொடுத்தார்கள். பல் மருத்துவர்களை டிலிஸ் தேநீருக்குக் கூப்பிட்டு, எரியாத வீட்டில் உட்காரவைத்து, எரியாத வீடு இதுதான் என்று காட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் பெரிய வீடு கைமாறியது. மதியத்துக்குள் சின்ன வீடு கைக்கு வந்தது. அளவு குறைந்த கடனும் அதே பழைய வட்டியோடு கூடவே வந்து சேர்ந்தது.

டிலிஸ் வாசலிலிருந்து அடுக்களைக்கும், அடுக்களையிலிருந்து படுக்கையறைக்கும், திரும்பவும் வாசலுக்கும் நடந்தாள். ஓர் இடத்திலும் கால் தூக்கி வைக்கவேண்டியிருக்கவில்லை. மறுபடி ஒருமுறை நடந்தாள். எம்ரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் கொக்கியைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தார்.

"அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லாம இந்த வீட்டுல நான் சாப்பிடமாட்டேன்" என்றார்.

முந்தின நாளே டிலிஸ் ஊறவைத்த திராட்சை போட்டுச் சுட்டிருந்த ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, மூட்டை முடிச்சுகளை அப்படியே போட்டுவிட்டு, இருவரும் வங்கிக்குப் போனார்கள்.

காப்ளி எழுந்து வந்து கைகுலுக்கினார். மிஸஸ் பெய்னன் எந்த மேசையில் இருக்கிறார் என்று எம்ரிஸ் கேட்டார். அப்படி யாரும் இந்தக் கிளையில் இல்லையே என்றார் காப்ளி. தலைமை அலுவலகமாக இருக்கும், ஆனால் இத்தனை நல்ல ஊழியரை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா என்று எம்ரிஸ் அவரைச் செல்லமாகக் கடிந்துகொண்டு, தன் போனில் இருந்த எண்ணைக் காட்டினார்.

காப்ளி அந்த எண்ணை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு, மேசைத் தொலைபேசியில் அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

"பெய்னன் மீன் வறுவல் கடை, சட்டுனு சொல்லுங்க. எம்ரிஸ்னு ஒருத்தர் கூப்பிடற நேரம், அவருக்கு வீடு கிடைச்சுதா இல்லையான்னு தெரியாம காலைலேருந்து ரெண்டு தட்டு மீனைக் கருக்கிட்டேன்."