கண்ணும் கருத்தும்

மனைவிக்குத் தெரியாமலே குருடாகிவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை காலை பல்செட்டார் தீர்மானம் செய்தார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது பாங்குப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாகப் பொய்ப்பல் செய்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் தாடை அச்சுகள் அவர் மேஜையில் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பக்கத்துப் பல்லோடு தகராறு வராமல் சாய்த்து நிமிர்த்தி அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் பல்லைக் காட்டுவது இவர் தயவில்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு செட் திரும்பி வந்தது. இரண்டு கோரைப்பற்களும் இடம் மாறியிருந்தன. அதை மாட்டிக்கொண்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சிரிக்க, பார்த்த பேத்தி வீறிட்டு அழுதாளாம்.

"என்ன பல்செட்டாரே, தூக்கமா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க. கண்ணு செருகிடுச்சு."

கண் செருகவில்லை. கண் போய்க்கொண்டிருந்தது. வலது கண்ணில் ஒரு வருஷமாகவே அழுக்குத் துணியைப் போட்டு மூடினாற்போல. இடது கண்ணில் ஓரமெல்லாம் கருகிக்கொண்டு வந்து, சாவித் துவாரம் வழியாக உலகத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி ஆகியிருந்தது.

டாக்டரிடம் போகலாம். போனால் வீட்டில் தெரிந்துவிடும். அங்கேதான் சிக்கல்.

மாமனார் பார்வையில்லாதவர். மனைவி பத்து வயசிலிருந்து கல்யாணம் ஆகும்வரை, பதினோரு வருஷம், அப்பாவின் கையைப் பிடித்துத் தெருத் தெருவாக நடந்தவள். கல்யாணமான இரண்டாவது வாரம் பல்செட்டார் ஆசையாக அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கப் போனார். அவள் வெடுக்கென்று உதறினாள். "இனிமே ஜன்மத்துக்கும் யார் கையையும் பிடிச்சுக்கிட்டு ரோடு கடக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து இருவரும் தனித்தனியாகத்தான் ரோடு கடந்தார்கள். அவளிடம் போய் இப்போது என்னவென்று சொல்வது?

ஆனால் மறைப்பதும் லேசில்லை. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. டிஸ்க். சினிமா டிஸ்க், டிவி தொடர் டிஸ்க். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று போட்டுப் பார்த்து, கருத்தைக் கறாராகச் சொல்வார். மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். டைப் அடிப்பதில் புயல். அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்து இணையத்தில் ஏற்றுவாள். பக்கத்தின் பெயரே 'கறார் கண்'. கண்ணும் கருத்துமாகப் படம் பார்க்கிற மனிதர் என்று பெயரெடுத்தவர். இப்போது கண் கழன்றுகொண்டது. கருத்து மட்டும் மிச்சம்.

கருத்து நின்றால் அவள் கேள்வி கேட்பாள். ஆகவே பார்க்காமலே கருத்துச் சொல்ல ஒரு வழி தேவைப்பட்டது. வழியை டிஸ்க்கே காட்டியது. ரிமோட்டில் தெரியாமல் எதையோ அழுத்த, வசனம் அடங்கி இரண்டு பேர் பேசத் தொடங்கினார்கள். படத்தின் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும்! ஒவ்வொரு காட்சியையும் எப்படி எடுத்தோம், விளக்கு எங்கே, நிழல் எங்கே என்று அவர்களே ஒப்பிக்கும் தனி ஒலித்தடம். வேண்டியவர்களுக்காக டிஸ்க்கில் வைத்திருக்கிறார்கள். பல்செட்டாரைவிட வேண்டியவர் யார்?

மனைவி சனிக்கிழமை டூட்டிக்குப் போனதும் அதைக் கேட்டு மனப்பாடம் செய்வார். ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து 'பார்ப்பார்'. கருத்து அருவியாகக் கொட்டும்.

"முன்னெல்லாம் கதாநாயகி கொஞ்சம் பூசின மாதிரி இருக்கான்னு சொல்லுவீங்க. இப்ப என்ன, இடப்பக்க ஜன்னலிலிருந்து விழும் சாய்வொளிங்கறீங்க?"

"ரசனை வளருது."

"இந்த வயசிலயா?"

"இந்த வயசில பல்லுதான் வளராது."

அவள் சிரிக்கவில்லை. நாள் முழுக்கக் குரல்களை மட்டுமே கேட்டுப் பிழைப்பவள் அவள். அழுதுகொண்டே 'நல்லா இருக்கேன்' என்கிறவர்களை ஒரு 'ஹலோ'வில் கண்டுபிடித்துவிடுவாள். பல்செட்டார் இதை யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போலீஸ் தொடரின் மூன்றாவது எபிசோடு. கரண்ட் போன ஒரு கட்டடத்துக்குள் கொலைகாரனைத் தேடுகிறார்கள். முழுக்க முழுக்க அரையிருட்டில் எடுத்தது என்று ஒளிப்பதிவாளர் சனிக்கிழமையே சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் டிவி கறுப்பாகக் கிடந்தது பல்செட்டாருக்கு ஆச்சரியமாக இல்லை. ஐம்பது நிமிஷம் சாய்வு நாற்காலியில் ஆடாமல் அசையாமல் அனுபவித்தார். முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"அடிச்சுக்கோ. இந்த எபிசோடின் உண்மையான கதாநாயகன் இருட்டு."

தட்டும் சத்தம் கேட்டது. "ம். அப்புறம்?"

"இப்படி ஒரு இருட்டை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. கறுப்புக்குள் எத்தனை கறுப்பு!"

"எத்தனை?"

"எண்ண முடியாது. அந்த இன்ஸ்பெக்டர் முகத்தில் பாதியை இருட்டு தின்னுட்டு, மீதிப் பாதியை மிச்சம் வைக்குது பாரு, அங்கே கைதட்டினேன்."

தட்டும் சத்தம் நின்றது.

"என்ன, கைவலியா?"

"பிளேயர்லேர்ந்து டிவிக்கு மூணு ஒயர் போகுது இல்லீங்க? சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மஞ்சள் படத்துக்கு."

"ஆமா, அதுக்கென்ன?"

"மஞ்சளைப் பிடுங்கி என் மடியில வச்சிருக்கேன். ஆரம்பத்துலேர்ந்தே."

பல்செட்டார் வாயைத் திறந்தார். அவர் மேஜையில் நிற்கும் தாடை அச்சுகளில் ஒன்று போலவே இருந்தார்.

"எப்பலேர்ந்து சந்தேகம்?" என்று கடைசியில் கேட்டார்.

"கதவுல தொங்கின மழைக்கோட்டைப் பார்த்து, 'எப்ப வந்தீங்க, உக்காருங்க'ன்னு சொன்னீங்களே, அன்னைக்கு."

"அது பதில் சொல்லலைன்னு நான்கூட வருத்தப்பட்டேன்."

"விளையாடாதீங்க!" அவள் குரல் கிறீச்சிட்டு உடைந்தது. "எங்கப்பாவும் இப்படித்தான். சுவத்துல மோதிக்கிட்டு, தமாஷ் பண்ணி மறைச்சாரு. நாங்களும் சிரிச்சோம். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாம் போயிடுச்சு. ஏங்க, என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நீதானே சொன்னே, யார் கையையும் பிடிக்க மாட்டேன்னு."

அவள் அழுகிறாளா முறைக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அவருக்கு முதல்முறையாகப் பயத்தைக் கொடுத்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கண் டாக்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. சுற்றி வளைக்காத ஜாதி. வலது கண்ணின் நரம்பு செத்துவிட்டது, திரும்பாது. இடது கண்ணில் இருப்பது இவ்வளவுதான். ஆபரேஷன் செய்து, தினம் மூன்று வேளை சொட்டு மருந்து விட்டால் இதையாவது பிடித்துவைக்கலாம்.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருப்பேன். ஏன் சார் வரலை?"

பல்செட்டார் தரையைப் பார்த்தார். தரையும் சரியாகத் தெரியவில்லை.

வெளியே வந்தார்கள். எதிரே ரோடு இரைந்துகொண்டிருந்தது. அவர் விளிம்பில் நின்றார். வரும் வண்டிகளெல்லாம் சத்தமாகவே வந்தன, உருவமாக வரவில்லை. ஒரு கை வந்து அவர் மணிக்கட்டை இறுகப் பற்றியது.

"நீ யார் கையையும்..."

"இது கை இல்ல, மணிக்கட்டு. பேசாம வாங்க."

ஆபரேஷன் நடந்தது. இருந்ததைப் பிடித்துவைத்தார்கள். பல் நடும் வேலை போயிற்று. பிளாஸ்டர் குழைக்கவும், முடிந்த செட்டைத் தடவிப் பார்த்துப் பிசிறு தேய்க்கவும் முதலாளி வைத்துக்கொண்டார். அவர் பல் நட்டுக்கொண்டிருந்த இடத்தில் புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அவள் நட்ட பற்களை இவர் விரலால் தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவலாம். டிஸ்க் ஓட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள். "கதவைத் திறக்கறான். உள்ள யாரும் இல்ல. மேஜை மேல கண்ணாடி உடைஞ்சு கிடக்குது." அவர் கேட்டுக்கொண்டே கருத்துச் சொல்வார். அவள் அடிப்பாள். ஒரு தடவை வேற்று மொழிப் படம். மனைவியை இழந்த ஒரு கிழவரின் கதை. கடைசி அரைமணி நேரம் அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கிழவர் கடைசியில் பெட்டியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். "முடிவு சப்பென்று இருக்கிறது, ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்" என்று பல்செட்டார் கறாராகச் சொன்னார். கண் போனாலும் தன் கருத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்ற நினைப்பில்தான் அவருடைய மற்ற ஆறு நாட்களும் ஓடின.

மூன்று மாதம் கழித்து, மனைவி டூட்டியில் இருந்தபோது, டிஸ்க் கடைக்காரர் போன் செய்தார்.

"அண்ணே, அந்தக் கிழவர் படம் பத்தி எழுதினது பிரமாதம். படிச்சுட்டு இருபது பேர் வந்து வாங்கிட்டாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல அவர் தனியாச் செத்துப்போறாரே, அதை எழுதியிருக்கற விதம் இருக்கே!"

"சாகறாரா? பஸ் ஏறிப் போனாரேப்பா!"

"பஸ்ஸா? படத்துல பஸ்ஸே கிடையாதுண்ணே."

"நான் ரெண்டு மதிப்பெண்ணுதானே போட்டேன்?"

"அஞ்சுக்கு அஞ்சுன்னு இருக்கு. நீங்க ஏண்ணே போடணும், மூணு மாசமா எழுதறது அண்ணிதானே? அவங்க பேரைத்தான் மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கே!"

"என் பேரை எடுத்துட்டாளா?"

"சேச்சே, இருக்குண்ணே. கடைசியில, பொடி எழுத்துல: 'உடன் அமர்ந்திருந்தவர்'."