பூசணிக்குள் கங்குமுகன்

பழிவாங்கக் கிளம்புகிறவன் முதலில் தன் தலையின் சுற்றளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த எளிய உண்மையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் சுற்றளவை வருஷம் முழுக்க நடத்தினார்கள். அதை மண்டைக்குப் பொருத்திப் பார்க்கச் சொல்லி ஒரு வாத்தியாரும் வாய் திறக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை, தங்க ஒரு மாடிக் குவார்ட்டர்ஸ். அம்மா சங்கரன்கோவில் பக்கம் டீச்சர். அவளுக்கு மாறுதல் கிடைக்கும்வரை அப்பாவும் நானும் மட்டும் அந்த வீட்டில் இருந்தோம். அப்பா பேச்சில் மகா சிக்கனம். காலையில் "சாப்பிடு", ராத்திரி "படு". நடுவில் உப்புமா. (அந்த உப்புமாவைத் தட்டில் கவிழ்த்தால் கிண்ணத்தின் வடிவத்திலேயே நிற்கும். ராணுவத் தளவாடம் என்றால் இதுதானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.)

ஜூன் மாதம் வந்து சேர்ந்தேன். அக்டோபர் வரைக்கும் அந்தக் காலனியில் ஒரு ஜீவன் என் பெயரைக் கேட்கவில்லை. மைதானத்தில் பாபு என்பவன் தலைமையில் கிரிக்கெட் நடக்கும். என் வேலை, சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்று பந்து பொறுக்குவது. நான் தெற்கத்திப் பையன் என்பதால் பாபு எனக்கு "ஊரு" என்று பெயர் வைத்திருந்தான்.

"டேய் ஊரு, பந்து அந்தாண்ட பூட்ச்சு, எத்துனு வா. அடுத்த ஓவர் உனுக்குத்தான்."

அந்த அடுத்த ஓவர் வரவேயில்லை. இருட்டிவிடும், ஆளாளுக்கு அம்மா கூப்பிடுவாள், போய்விடுவார்கள். என்னைக் கூப்பிட ஆள் இல்லாததால் நான் மட்டும் கொஞ்ச நேரம் ஸ்டம்ப் குழிகளைப் பார்த்தபடி நின்றுவிட்டு வருவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பத் தனியாக இருந்தது.

எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் கங்குமுகன்.

ஸ்டேஷன் பக்கம் பழைய பேப்பர் கடையில் அகப்பட்ட சித்திரக்கதைப் புத்தகம் அது. கங்குமுகன் முன்பு ரயில் என்ஜினில் கரி தள்ளிக்கொண்டிருந்த தொழிலாளி. சதிகாரர்கள் அவனை உலைக்குள் தள்ளிவிடுகிறார்கள். சாகிற நேரத்தில் வஞ்சினி என்கிற பழிவாங்கும் ஆவி வந்து பேரம் பேசுகிறது: "உயிரை நான் தருகிறேன், உடம்பை எனக்குத் தா." அன்றிலிருந்து எங்கே ஒரு நிரபராதியின் கண்ணீர் தரையில் விழுந்தாலும் இவன் முகம் நெருப்புக் கங்காகிவிடும். அவனுக்கு இதில் துளியும் இஷ்டம் இல்லை. பாவம், ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான். எங்கோ எவனோ அழுவான். இவன் முகம் பற்றிக்கொண்டு டீ ஆவியாகிவிடும். எழுந்து போய்ப் பழிதீர்த்துவிட்டு வருவான். யாருக்காகத் தீர்த்தானோ அவர்களுக்கே அவன் பெயர் மறந்து போகும், அதுதான் ஒப்பந்தம். கடைசிப் படத்தில் தண்டவாளத்தின் மேல் தனியாக நடந்து போய்க்கொண்டிருப்பான், முதுகு மட்டும் தெரியும். அந்த முதுகைப் பார்த்து நான் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் அப்பா பேச்சில்தான் சிக்கனம், பூஜையில் கெடுபிடி. வீட்டில் இருக்கிற கத்தி, அரிவாள்மனை, சுத்தியல், ரம்பம் எல்லாம் சாமி முன்னால் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது. புத்தகங்களுக்கும் அதே சட்டம்தான். காலனிப் பையன்களுக்கெல்லாம் படிக்க வேண்டாம் என்று கொண்டாட்டம். எனக்கு? அப்பா அலமாரியில் இருந்ததை மொத்தமாக அள்ளி அடுக்கியபோது, அறிவியல் புத்தகத்துக்குக் கீழே கங்குமுகனும் போய்விட்டான். முதல் தடவையாக ஒரு முழு நாள் நான் அசல் தனி.

நல்லவேளையாக (அன்று அப்படித்தான் நினைத்தேன்) ஒரு நாள் முன்னதாகவே என் உள்ளே வஞ்சினி புகுந்திருந்தாள். திருஷ்டி சுற்றி உடைப்பதற்காக அப்பா பெரிய சாம்பல் பூசணிக்காய் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அவர் டூட்டிக்குப் போன நேரத்தில் அதன் அடியில் ஒரு துளை போட்டு, உள்ளே இருந்த சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒரு கிழிசல் வெட்டினேன். கண் ஓட்டைகளுக்கு உள்பக்கமாகச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினேன். கங்கு நிறத்துக்காகக் கைநிறையக் குங்குமத்தை உள்ளே தூவிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். திட்டம் இதுதான்: ஆயுத பூஜை அன்று சாயங்காலம் காலனி மொத்தமும் தெருமுனையில் பூசணி உடைக்கும். உடைந்த பூசணியில் இருக்கிற சில்லறையைப் பொறுக்கப் பாபு கோஷ்டி ஆஜராகியிருக்கும். அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து கங்குமுகன் தோன்றுவான். சின்ன டார்ச் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டால் கண்கள் சிவப்பாக எரியும். பிறகு முழங்க வேண்டிய வசனம்: "பாபு! உன் பாவத்தின் பலனை அனுபவிக்கும் வேளை வந்துவிட்டது!"

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வசனம் எப்படிப் பேசுவது? இதை யோசிக்கிற அளவுக்கு மூளை இருந்திருந்தால் நான் ஏன் பூசணிக்குள் தலையை விடப் போகிறேன்!

மறுநாள் சாயங்காலம் அப்பா பூசணிக்காயைத் தேடினார். "ஏல, இங்கன இருந்த காய எங்க?" என்றார். "தெரியலப்பா" என்றேன். மேலே ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொன்று வாங்க சைக்கிளை மிதித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். நான் அவருடைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய் டார்ச்சைக் கடித்துப் பூசணியைத் தலையில் அழுத்தினேன். காது வரைக்கும் வந்து நின்றது. காதை மடக்கி இன்னும் ஓர் அழுத்து. சளக்கென்று உள்ளே போனது. காதுகள் உள்ளே போய் மறுபடி விரிந்துகொண்டதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

தெருமுனையில் எதிர் பிளாக் ஃபோர்மேன், கற்பூரம் எரிகிற பூசணியைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். எதிரே, மழையில்லாத நாளில் மழைக்கோட்டோடு, சிவந்த கண்ணோடு, இன்னொரு பூசணிக்காய் நடந்து வருகிறது! மனிதர் கையிலிருந்த காயை அப்படியே விட்டுவிட்டு நாலடி பின்னால் குதித்தார்.

"ஐயோ, திருஷ்டி எயுந்து வருதுடி!" என்று ஒரு பெண் அலறினாள். பாபு அவன் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போனதை என் இரண்டு கண்ணாலும், சிவப்பாகத்தான் என்றாலும், பார்த்தேன். ஆகா! அந்த ஒரு நொடி போதும் என்று இருந்தது.

அதற்கு மேல் கிடைக்கவும் இல்லை. வசனத்தை ஆரம்பித்தேன். "ஊஊ... ஊஊ..." என்றுதான் வந்தது. மூச்சை நன்றாக இழுத்தேன், குங்குமம் மொத்தமும் மூக்குக்குள் போனது. பிறகு தும்மல். தும்மல் என்றால் சாதாரணத் தும்மல் இல்லை, பூசணிக்குள் தும்மினால் அது உங்கள் காதுக்கே திரும்பி வரும். டார்ச் நழுவித் தாடைக்குக் கீழே சிக்கிக்கொண்டது. கங்குமுகன் அணைந்து போனான்.

"டேய், இது மன்சன்டா!" என்றான் பாபு.

சரி, தோற்றாயிற்று, கழற்றிவிட்டு ஓடலாம் என்று பார்த்தால் பூசணி வரவில்லை. இரண்டு பேர் காயைப் பிடித்தார்கள், இரண்டு பேர் இடுப்பைப் பிடித்தார்கள், தேர் இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். என் கழுத்துதான் நீண்டது.

"ஒடச்சிடலாமா?" என்று ஒரு குரல். கையில் கல்லும் இருந்திருக்க வேண்டும்.

"யோவ், உள்ள தல கீதுய்யா!"

"அப்ப கத்தியால அறுத்துடலாம். யாராவது கத்தி எடுத்தாங்கப்பா."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலனியின் அத்தனை கத்தியும் அந்த நேரத்தில் சாமி முன்னால் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

"பூஜைல வெச்சதை இப்போ எடுக்கப்படாது," என்றார் ஃபோர்மேன், குதித்த இடத்திலிருந்தே. "ஒரு ராத்திரிதானே? காலைல மறுபூஜை ஆனதும் முதல் வேலையா அறுத்துடுவோம். மூச்சுதான் வர்றதே. வாய்கிட்ட ஓட்டை இருக்கு, ஸ்ட்ரா போட்டுப் பாயசம்கூடக் குடுக்கலாம்."

பக்கத்து பிளாக் ஸ்டெல்லா ஆன்ட்டி, அவர்கள் வேதக்காரர்கள், வீட்டில் ஆயுத பூஜை கிடையாது, "எங்க ஊட்ல கத்தி சும்மாதான் கீது" என்று ஓடிப்போய் எடுத்து வந்தார். கேக் வெட்டுகிற கத்தி. பூசணித் தோலில் பட்டதும் வளைந்துகொண்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி என் தோளைத் தொட்டுக் கேட்டார்: "யாரு ஊட்டுப் புள்ளப்பா நீ? பேரு இன்னா?"

நாலு மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஏங்கிய கேள்வி. பூசணிக்குள் இருக்கும்போதா கேட்க வேண்டும்! இருந்தாலும் மரியாதையாகச் சொன்னேன்.

"இசக்கிமுத்து."

"இசக்கிமுத்தா? அப்டி யாரும் இங்க இல்லியே," என்றாள் ஒருத்தி.

"பதினாலாவது பிளாக்... மேல் வீடு..."

"பதினாலா? அந்த மேல் ஊடு காலியாத்தானே கீது?" என்றாள் பாபுவின் அம்மா. அவள் குடியிருந்தது அதே பிளாக்கில், எங்களுக்கு நேர் கீழே.

அவள் மேல் தப்பில்லை. ரேடியோ கிடையாது, சண்டை கிடையாது, வாசலில் கோலம் கிடையாது. சத்தமே வராத வீட்டை வேறென்ன நினைப்பார்கள்? ஆனால் எனக்கு அங்கேதான் உடைந்தது. பூசணிக்குள் நின்று அழுதேன். கதைப்படி பார்த்தால் அந்தக் கண்ணீருக்கு முகம் கங்காகி, காலனியே நடுங்கியிருக்க வேண்டும். குங்குமம் கரைந்து கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியதுதான் மிச்சம். ஊரே சுற்றி நிற்கிறது, நான் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குமேல் தனிமை என்று ஒன்று இருந்தால் அது எனக்குத் தெரியாது.

அப்போது சைக்கிள் மணி கேட்டது. கூட்டம் விலகியது. சிவப்புக் கண்ணாடித்தாள் வழியே பார்த்தேன், அப்பா. கேரியரில் கட்டிய புதுப் பூசணி அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அவர் என் தலையைப் பார்த்தார், மழைக்கோட்டைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். வார் அறுந்த என் செருப்பைப் போன வாரம் அவர்தான் செம்புக் கம்பி போட்டுக் கட்டித் தந்திருந்தார்.

"ஏல முத்து!" என்றார்.

ஆவடித் தெருவில் என்னைப் பெயர் சொல்லி ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அப்பா" என்றேன். வெறும் "ப்பா"தான் வெளியே வந்தது.

அப்பா சைக்கிளைப் போட்டது போட்டபடி மாடிக்கு ஓடினார். இறங்கி வரும்போது கையில் இரும்பறுக்கிற ரம்பம். சந்தனப் பொட்டு அப்படியே, கைப்பிடியில் சாமந்திப்பூ தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபோர்மேன் பதறினார். "என்னப்பா இது, சாமிகிட்ட வெச்சதைப் போய்..."

"சாமி பொறுத்துக்கிடும் அண்ணாச்சி. எம் புள்ளைக்கு மூச்சு முட்டுதுல்லா."

அந்த வருஷத்தில் அப்பா ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. பிறகு என்னைத் தரையில் உட்காரவைத்து, ஒரு கையால் காயை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "அசையாதல, அசையாதல" என்று சொல்லியபடியே இரண்டு பக்கமும் அறுத்தார். பூசணி இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே, குங்குமமும் கண்ணீரும் மூக்குச் சளியும் கலந்த ஒரு முகம், தாடைக்குக் கீழே இன்னும் எரிந்துகொண்டிருக்கும் டார்ச்சோடு.

"அட, நம்ம ஊரு!" என்றான் பாபு. காலனியே சிரித்தது. ஃபோர்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மைதானத்தில் பாபு மட்டையை நீட்டினான். "வாடா பூசணி, நீதான் ஓப்பனிங்." (முதல் பந்திலேயே அவுட். அதை விடுங்கள்.) அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதுதான், இன்றுவரை கழலவில்லை. என் கல்யாணத்துக்குப் பாபு கொண்டுவந்த பரிசு, ரிப்பன் கட்டிய ஒரு சாம்பல் பூசணி. கங்குமுகனை மறுபூஜைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். கடைசிப் படத்தில் அதே முதுகு. பாவம், இவனைக் காலைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒருத்தர் இல்லையே என்று தோன்றியது.

அம்மா மாறுதலாகி வந்து, கதையைக் கேட்டு, அடுத்த ஆயுத பூஜையிலிருந்து ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினாள். எல்லா ஆயுதமும் பூஜைக்குப் போகும், ஒரு கத்தி மட்டும் வெளியே இருக்கும். "அவன் தலைக்கு" என்பாள். அப்பா ரம்பத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு, என் மண்டையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, "ஏல முத்து, உள்ள இருக்கியா?" என்று கேட்பார். எனக்கு முடி நரைத்த பிறகும் கேட்டார்.

அப்பா இப்போது இல்லை. நாங்கள் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறோம். போன ஆயுத பூஜைக்கு ரம்பத்துக்கு நானே பொட்டு வைத்தேன். வைத்துவிட்டு, எழுந்திருக்க மனம் வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருந்தது.

பின்னாலிருந்து மண்டையில் இரண்டு தட்டு விழுந்தது. என் மகள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள், தாத்தாவின் குரலை மட்டும் எப்படியோ பிடித்துவைத்திருக்கிறாள்.

"ஏல முத்து, உள்ள இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன்.