பத்து விநாடி உழைப்பு

மனிதகுல வரலாற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாகச் சொல்லத்தக்க நிகழ்ச்சி, புகார் பரிசீலனைப் பிரிவின் எழுத்தர் ஒருவர் காமிராவில் வெளிச்சத்தைக் கட்டியாளக் கற்றுக்கொண்டதுதான். அன்றுமுதல் அலுவலகத்தில் அவர் பெயர் 'லென்ஸ்'.

கலை அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. காமிராவின் எஃப்-எண் பெரிதாக ஆக லென்ஸின் துவாரம் சிறிதாகும் என்று படித்ததும், பதவி பெரிதாக ஆக வேலை சிறிதாகும் அதே விதிதானே என்று தலையாட்டிக்கொண்டார். ஒளியுணர்வைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் இருட்டிலும் படம் விழும், ஆனால் புள்ளி புள்ளியாக 'இரைச்சல்' கூடும் என்றார்கள். பதவி உயர்வு பெற்ற அவருடைய மேலாளரே இதற்கு நடமாடும் உதாரணம். துவாரத்தை அகலத் திறந்து மாமியாரைப் படமெடுத்தபோது மூக்கு மட்டும் துல்லியமாக விழுந்து, மற்றதெல்லாம் கலங்கிப்போனது. அதன்பிறகு அந்த அம்மாள் மருமகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கலைக்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்?

இந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து இடி வந்து விழுந்தது. இந்தப் பிரிவு என்னதான் செய்கிறது என்று யாருக்கும் தெரியாததால், அதைக் கலைத்துவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். வேலை நடப்பதற்குச் 'சான்றாக' ஒரே ஒரு புகைப்படம் இன்று மாலைக்குள் வந்தால் பிழைத்தார்களாம். பிரிவு போனால் எல்லோரும் வீட்டுக்குத்தான். லென்ஸுக்கு வீட்டில் மாமியார் வேறு இருந்தார்.

"ஷட்டரைப் பத்து செகண்ட் திறந்து வச்சுடறேன் சார். அசையறவங்க எல்லாம் கோடு கோடா விழுவாங்க. பார்த்தாலே வேலை பறக்குதுன்னு தெரிஞ்சுடும்," என்றார் லென்ஸ் மேலாளரிடம்.

"அதுக்கு நாங்க என்னப்பா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். வழக்கம்போல இருங்க."

திரைச்சீலைகள் இழுக்கப்பட்டன. துவாரம் சுருக்கப்பட்டது. ஷட்டர் திறந்தது. மின்விசிறி கடகடவென்று சுற்ற, பத்து விநாடி கழித்து ஷட்டர் மூடிக்கொண்டது. லென்ஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அத்தனை பேரும் சிலை மாதிரி, இமை முடியை எண்ணலாம் போலத் தெளிவாக விழுந்திருந்தார்கள். மேலே மின்விசிறி கோடு கோடாக விழுந்திருந்தது. மேசைகளுக்கு நடுவே வெளுப்பாக ஏதோ புகை.

"அது என்ன அழுக்கு? அழிச்சுடு," என்றார் மேலாளர்.

"அழுக்கு இல்ல சார். மனு கொடுக்க வந்தவர். மேசை மேசையா ஓடிட்டிருந்தார்."

நேரமில்லாததால் அந்தப் படமே அனுப்பப்பட்டது. மறுநாள் தலைமை அலுவலகத்து அதிகாரி அம்மா மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தார். பிரிவைக் கலைப்பது முடிவாகிவிட்டதாம். ஆனால் படத்தில் ஒருவர் உழைப்பது மட்டும் கண்கூடாகத் தெரிகிறதாம். அவரை இழக்க மனமில்லையாம்.

"மேல இருக்கறவரை மட்டும் நாங்க எடுத்துக்கறோம்," என்றார்.

மேலாளர் தழுதழுத்த குரலில் ஒரு பிரியாவிடை உரையே ஆற்றி முடித்தார். அப்போது இரண்டு பேர் ஏணியோடு உள்ளே வந்தார்கள். அவரைச் சற்று நகரச் சொல்லிவிட்டு, மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

காற்று நின்றது. பிரிவின் வரலாற்றிலேயே முதல் தடவையாக, எல்லோரும் ஆளுக்கொரு மனுவைக் கையில் எடுத்தார்கள், விசிறிக்கொண்டார்கள். லென்ஸ் அவசரமாக ஷட்டரைத் திறந்தார். இந்தத் தடவை கைகளெல்லாம் கோடு கோடாக விழுந்தன. பார்த்தாலே தெரிந்தது, வேலை பறந்தது.