என் எதிர்ப்பொருளை நம்பு, தங்கச்சி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். அங்கே மாப்பிள்ளை காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ‘நலமறிய ஆவல்’ என்று எழுதக் கை வரவில்லை. போன் செய்தால், “அண்ணே, நீங்க பேசினா எனக்குத் தலை சுத்துது” என்று வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம். தபாலை நம்பாமல், என்னோடு பஸ்ஸில் வேலை பார்த்த பழைய டிரைவர் கையில் கொடுத்து இன்றைய பஸ்ஸிலேயே அனுப்புகிறேன்.

புது மருந்தை மாப்பிள்ளைக்குச் சோதனையாகக் கொடுக்க டாக்டர்கள் உன் சம்மதத்தைக் கேட்டிருக்கிறார்கள். அது என் ரத்தத்திலிருந்து கண்டுபிடித்தது என்று தெரிந்ததும், “அப்படின்னா யோசிக்கணும்” என்றாயாம். உடன்பிறந்தவள் பேசுகிற பேச்சா இது?

போன வருஷம் இதே காய்ச்சலில் நான் படுத்து எழுந்தது உனக்குத் தெரியும். பிழைத்தவர்களின் ரத்தம் வேண்டும் என்று ஆராய்ச்சிக்கூடத்து டாக்டரம்மா கூப்பிட்டார். கிருமியின் மேல் ஓர் அடையாளம் இருக்குமாம், அதற்குப் பெயர் ஆன்டிஜன். அதைப் பிடிக்க நம் உடம்பு செய்து அனுப்புவதுதான் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி. சரியான இடத்தில் பிடித்துவிட்டால் கிருமி உள்ளே நுழைய முடியாது. காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? டிக்கெட் எடுக்காதவனைப் படிக்கட்டிலேயே மடக்கியவன் நான், என் ரத்தம் மட்டும் சும்மா இருக்குமா! கம்பீரமாகச் சட்டைக் கையை மடித்தேன், ஊசியைப் பார்த்தேன், அப்புறம் கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். விழும்போது பஞ்சுத் தட்டையும் ஸ்டூலையும் நர்ஸின் ஒரு செருப்பையும் கூடவே இழுத்துக்கொண்டேனாம். ஆனாலும் கடைசியில் ரத்தம் கொடுத்தேன், அதை நீ மறக்கக் கூடாது. “ஒப்பிட்டுப் பாக்க நீங்களும் குடுங்களேன்” என்று டாக்டரம்மா கேட்க, துணைக்கு வந்த உன் அண்ணியும் கையை நீட்டினாள். இரண்டு பேருக்கும் என் போன் நம்பரையே எழுதினேன்.

சில மாதம் கழித்து டாக்டரம்மாவிடமிருந்து போன். நாங்கள் கொடுத்த இரண்டில் ஒன்றில் அபூர்வமான எதிர்ப்பொருள் இருக்கிறதாம். கிருமி எவ்வளவு வேஷம் போட்டாலும் மாற்ற முடியாத இடமாகப் பார்த்துப் பிடிக்கிறதாம், அதே மாதிரி செய்து மருந்தாக்கப் போகிறார்களாம். எந்த ஒன்று என்று நான் கேட்கவே இல்லை. படுத்து எழுந்தவன் நான்தானே!

அன்றிலிருந்து என் உடம்பு எனக்குச் சொந்தமில்லை. சவரத்தில் ஒரு சொட்டு வீணாகுமே என்று தாடி வளர்த்தேன். கொசு கடித்தால் பதறினேன். மாடி வீட்டுக்காரர் தும்மினார் என்று ஓடிப்போய், “பயப்படாதீங்க, நான் இருக்கேன்” என்றேன், கதவைச் சாத்திக்கொண்டார். உன் அண்ணியோ, “குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்க, எதிர்ப்பொருள் ஒண்ணும் கொட்டிடாது” என்கிறாள்.

கேலி போதும். எனக்குப் பயமாக இருக்கிறது, தங்கச்சி. நானும் மாப்பிள்ளையும் சேர்ந்தால் சண்டைதான், ஆனால் அந்தச் சண்டை இல்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஓடவில்லை. மருந்து பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஆனால் முதலில் போட்டுக்கொண்டவர்களில் பலருக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அண்ணனை நம்பிக் கையெழுத்துப் போடு.

மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டவும், நீ அவர் பக்கமே பேசவும், இருவரும் நெடுங்காலம் நன்றாக இருக்கவும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: கவரை ஒட்டும்போது டாக்டரம்மா போன் செய்தார், மறுபடியும் ரத்தம் வேண்டுமாம். “நான் ரெடி” என்றேன். “நீங்க இல்ல சார், உங்க மனைவி” என்றார். அந்த எதிர்ப்பொருள் அவளுடையதாம்! “அவளுக்குக் காய்ச்சலே வரலையேம்மா?” என்றேன். “வந்திருக்கு சார். அதே ஆன்டிஜனை உடம்பு திரும்பத் திரும்பப் பாத்தாத்தான் இவ்வளவு கெட்டியாப் பிடிக்கும். உங்களைக் கவனிச்சப்போ தினமும் தொத்தியிருக்கணும்” என்றார். சமையலறைக்குப் போய்க் கேட்டேன். “லேசா இருந்துச்சு. ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு பாக்கிறது?” என்றாள். குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. மாப்பிள்ளை உடம்பில் ஏறப்போவது உன் அண்ணியுடையது. இனி யோசிப்பாயா என்ன? கையெழுத்துப் போடு.