மனைவியின் சைக்கிளுக்கு நான் வாங்கிய ஃபோர்க்

கணக்கு வாத்தியாராக இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. எதையும் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடலாம் என்ற திமிர் வந்துவிடும். எனக்கு அது கல்யாணமான முதல் வருடத்திலேயே முற்றிவிட்டது.

என் மனைவி செல்வராணி நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருத்துவமாது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பது வேலை. அதற்கு அவளிடம் இருந்தது ஒரு பழைய மவுண்டன் பைக். பங்களா ஏற்றத்தில் ஓரிடத்திலும் கால் ஊன்றாமல் மிதித்து ஏறுவாள். நான் அதே ஏற்றத்தில் வெறுங்கையோடு நடந்தாலே மூன்று இடத்தில் நின்று இயற்கையை ரசிப்பேன். (மூச்சு வாங்குவதற்கு நான் வைத்த பெயர்.)

அந்த வருட மழையோடு சைக்கிளின் முன் ஃபோர்க் செத்துப்போனது. குழியில் இறங்கும்போது அமுங்கி எழும்ப வேண்டிய அதன் இரண்டு கால்களும் துருவேறி இறுகிவிட்டன. ஒவ்வொரு கல்லும் நேரே அவள் தோளுக்குப் போய்ச் சேர்ந்தது. வேலை முடிந்து வந்து தோளை நீவிக்கொள்வாளே தவிர, ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் புது ஃபோர்க் மாட்டி அசத்திவிட முடிவு செய்தேன்.

பதுளை டவுனில் பழைய ஜப்பான் சைக்கிள் சாமான் விற்கும் ஃபாரூக் நானாவிடம் போனேன்.

"பழைய ஃபோர்க்கக் கழட்டிக் கொண்டு வாங்க சேர். கழுத்துக் குழாய், சில்லு, பிரேக், மூணும் பாக்காமக் குடுக்க ஏலாது" என்றார்.

"நானா, நான் கணக்கு வாத்தியார். எனக்குக் கண்ணளவு போதும்" என்றேன். (இதை அச்சில் பார்க்கவே கூசுகிறது.)

இருந்ததிலேயே தடித்த, உயரமான, பளபளக்கும் ஒன்றைக் காட்டினேன். நானா ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டுப் பேப்பரில் சுற்றித் தந்தார்.

துரதிர்ஷ்டம், அன்றிரவு நானே மாட்டியபோது அதன் கழுத்து சைக்கிளுக்குள் அச்சாக நுழைந்துவிட்டது. நுழையாமல் இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். மறுநாள் காலை சைக்கிளைப் பார்த்த செல்வராணி நெற்றியைச் சுருக்கினாள். சைக்கிள் முன்காலைத் தூக்கிய குதிரை மாதிரி நின்றது.

"முன் பிரேக் எங்கங்க?"

பழைய பிரேக், சில்லின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வகை. அதை மாட்டுவதற்குப் புது ஃபோர்க்கில் இடமே கிடையாது. அது டிஸ்க் பிரேக்குக்காகச் செய்தது.

"பின்னால ஒன்னு இருக்கே, போதும். ஓட்டிக் காட்டுறேன் பாரு."

"வேணாங்க, எறக்கம்..."

அவள் முடிப்பதற்குள் நான் இறக்கத்தில் பாதி தூரம் போயிருந்தேன். பாதை வளையும் முடக்கு வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். பின்சில்லு நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. முடக்கு திரும்பியது, நான் திரும்பவில்லை. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டு முடிந்து கொழுந்து பறிக்க வந்த இருபது பெண்களின் கண்முன்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தலைகீழாக இறங்கினேன்.

"ஐயோ, நம்ம மிஸ்ஸோட வீட்டுக்காரரு!"

"சேரு, நேத்துத்தான் மருந்து அடிச்சாங்க, வாயத் தொறக்காதீங்க!"

செல்வராணி ஓடி வந்தாள். கைக்குழந்தையைச் சோதிப்பது போல என் கை, கால், கண் எல்லாவற்றையும் பார்த்தாள். சிராய்ப்பைக் கழுவி மருந்து போட்டாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மேல் டிவிசன்ல எட்டு நாள் புள்ள ஒன்னு இருக்கு. எடை கொறையுது, இன்னக்கிப் பாத்தே ஆகணும். நீங்க படுத்திருங்க."

அத்தனை ஏற்றத்தையும் நடந்தே போனாள். ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, முழங்கால் எரிச்சல் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

சாயந்தரம் திரும்பியவள் திட்டவில்லை. "புள்ள பால் குடிக்குது" என்றாள். குழந்தைகளின் தலைச் சுற்றளவு பார்க்கும் நாடாவை எடுத்து, நான் கட்டிலுக்கடியில் ஒளித்த பழைய ஃபோர்க்கை அளந்தாள். கழுத்தின் தடிப்பு, நீளம், கழுத்தடியிலிருந்து சில்லு அச்சு வரை உயரம் எல்லாம் கொப்பியில் ஏறின.

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். ஃபாரூக் நானா காட்டிய முதல் ஃபோர்க்கை நாடா வைத்துப் பார்த்து, "கழுத்தக் குட்டையா வெட்டியிருக்காங்க, இது ஆகாது" என்று தள்ளினாள். இரண்டாவதை அமுக்கிப் பார்த்து, "எண்ணெ கசியுது" என்றாள். மூன்றாவது நிறம் மங்கி, பார்க்க ஒன்றுக்கும் உதவாதது போலிருந்தது. ஆனால் உயரம் சரி, பிரேக் மாட்ட இடம் சரி, அமுக்கினால் மெதுவாக எழும்பியது. நானா என் பக்கம் திரும்பாமலே, "மிஸ், நீங்க வந்து கடையப் பாருங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. விழுந்தவன் நான்தான் என்பது அந்த நிமிடத்தில் மறந்தே போய்விட்டது.

அந்த ஃபோர்க்கில் அவள் இன்னும் லயங்களுக்குப் போய் வருகிறாள்.

போன மாதம் இருவரும் ஒரு த்ரீவீலரில் வந்துகொண்டிருந்தோம். ஓட்டியவர் ஊருக்குப் புதுசு. "சேர் முடக்குல எறங்குறீங்களா?" என்றார். அந்த முடக்குக்கு 'சேர் முடக்கு' என்று ஏன் பெயர் வந்தது என்று தெரியாதவன் போலக் கேட்டேன்.

"அந்தக் காலத்துல சேர் பட்டம் வாங்கின வெள்ளக்காரத் தொரை ஒருத்தரு இருந்தாராங்க. அவரு ஞாபகமா வச்ச பேராம்."

நான் கம்பீரமாகத் தலையாட்டினேன். பக்கத்திலிருந்து செல்வராணி மெல்லக் கேட்டாள்:

"அப்படிங்களா? அந்தத் தொரை சைக்கிள் நல்லா ஓட்டுவாரா?"