பதினேழாம் எண்ணின் அப்பா

"பதினேழாம் எண் குழந்தைக்கு அப்பா உண்டா, இல்லையா?"

தரச் சான்று ஆய்வாளர் கையெழுத்துத் தாளைத் தட்டினார். ஆய்வுத் தாளில் குழந்தையின் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும்தான் என்பது விதி. பதினேழுக்கு நேரே இரண்டு வருடமாக அம்மா கையெழுத்து மட்டுமே.

'பெற்றோர் பங்கேற்பு' பகுதியில் ஏற்கெனவே இரண்டு முறை முட்டை. மூன்றாவது விழுந்தால் மழலையர் பள்ளிக்குப் பூட்டு.

"உண்டு சார்! வந்துட்டே இருக்கார்!" தலைமை ஆசிரியையின் வாய் முந்திக்கொண்டது.

வராந்தாவுக்கு ஓடி, அந்தக் குழந்தையின் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அவரா? அசைய மாட்டாரும்மா. இருங்க, கேட்டுப் பாக்கறேன்."

உள்ளே வந்தால் ஆய்வாளர் 'முடியாது' என்று தன் போனைத் துண்டித்துக்கொண்டிருந்தார்.

"வேலை நேரத்துலதான் எல்லாருக்கும் போன் வரும்! எங்க உங்க ஆளு?"

தலைமை ஆசிரியையின் போன் மினுங்கியது. அந்த அம்மாவின் செய்தி: 'வரமாட்டாராம்.'

மறுபடி ஓட்டம். வாசலில் பள்ளி வேன் டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பத்து நிமிஷம் அப்பாவா இருங்க."

"யாருக்கு மேடம்?"

"உங்க வண்டி முன் சீட்டு."

"நம்ம வாண்டுக்கா? தாராளமா!"

காக்கிச் சட்டைக்கு மேல் பள்ளிக் கணக்காளரின் கோட்டு ஏறியது. பொத்தான் எட்டவில்லை.

"என்ன தொழில்?" என்றார் ஆய்வாளர்.

"வேன்..."

"நிறைய வேன் வச்சிருக்கார் சார்!" என்று பாய்ந்தாள் தலைமை ஆசிரியை.

"முதலாளியா! அப்ப பெற்றோர் குழுத் தலைவர் இவர்தானா?"

"ஆ... ஆமா சார்."

"அப்ப தலைவர் இடத்துலயும் கையெழுத்துப் போடுங்க."

டிரைவர் போட்டார்.

"சரி, குழந்தையைப் பத்திச் சொல்லுங்க."

டிரைவர் மடை திறந்தார். "செருப்பை இடம் வலம் மாத்தித்தான் போடும் சார். சிவப்பு வண்டியா எண்ணிட்டே வரும். முன்பல்லு ஆடுது, வீட்ல யாருக்கும் தெரியாது. விழுந்தா என் கையிலதான் குடுக்குமாம்."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. எந்த ஸ்கூல்னு கேட்டாக்கூட முழிப்பேன், எல்லாம் வீட்டுக்காரி பாத்துக்கறா. நீங்கதான் சார் அப்பா! பத்துக்குப் பத்து!"

பேனா இன்னும் தாளைத் தொடவில்லை. மணி அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு, இடம் வலம் மாறிய செருப்போடு ஒரு வாண்டு ஓடிவந்து ஆய்வாளரின் காலைக் கட்டிக்கொண்டது.

"அப்பா! இதுதான் என் ஸ்கூல்னு வேன் மாமா சொன்னாரா?"